பின்னணி நிறத்தில் எழுதச் சொல்லும் அறிவுரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு தொழில் நடத்துவோர் தங்கள் இணையதளத்தைத் தேடுபொறியின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்பதை விளக்கித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் வெளிவரும் தொடரைத் தவறாமல் வாசித்துவருகிறேன். பக்கத் தலைப்பைப் பொருத்தமாக வைப்பது, படங்களுக்கு மாற்று உரை தருவது, பக்கம் விரைந்து திறக்குமாறு பார்த்துக்கொள்வது என்று கட்டுரையாளர் இதுவரை சொன்னவற்றில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. ஆனால் கடந்த பகுதியின் கடைசிப் பத்தியில், வாசகரின் கண்ணை உறுத்தாமல் கூடுதல் திறவுச்சொற்களை, அதாவது தேடுவோர் தட்டச்சு செய்யக்கூடிய சொற்களை, சேர்க்க விரும்புவோர் அவற்றைப் பக்கத்தின் அடியில், பின்னணியின் நிறத்திலேயே எழுதிவிடலாம் என்றும், இது எல்லோரும் கையாளும் சிறு சூட்சுமம்தான் என்றும் அவர் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். இணையதளங்களை உருவாக்குவதையும் பழுதுபார்ப்பதையும் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் அந்தப் பத்திக்கு மறுப்புத் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். நாளிதழில் அச்சான ஓர் அறிவுரையை வாசகர்கள் அப்படியே நம்பிச் செய்துவிடுவார்கள் என்பதால், சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

அந்தச் சூட்சுமம் நேரில் எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மரச்சாமான் விற்கும் ஒரு நிறுவனத்தின் தளத்தைப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. முகப்புப் பக்கத்தின் அடியில், தொடர்பு முகவரிக்குக் கீழே, காரணம் புரியாத ஒரு வெற்றிடம் நீண்டு கிடந்தது. கண்ட்ரோல் விசையோடு ‘ஏ’ விசையைச் சேர்த்து அழுத்திப் பக்கம் முழுவதையும் தேர்வு செய்தபோது, அந்த வெற்றிடம் நீல நிறமாகி, அதனுள் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக வெளிப்பட்டன. மலிவான மேசை, சிறந்த மேசை, மேசை விலை, மேசை தள்ளுபடி என்று தொடங்கி, நாற்காலிக்கும் கட்டிலுக்கும் அதே வரிசை திரும்பியது. அதன்பின் அந்நிறுவனத்துக்குக் கிளையே இல்லாத நகரங்களின் பெயர்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் போட்டி நிறுவனங்கள் இரண்டின் பெயர்கள். உரிமையாளருக்கு இது எதுவும் தெரியாது. முன்பு பணியாற்றிய தேடுபொறி உகப்பாக்க முகவர், அதாவது எஸ்.இ.ஓ. செய்துதருவதாகச் சொன்னவர், எழுதிவைத்துவிட்டுப் போனது அது. அந்த வரிகள் பக்கத்தின் அடிப்பகுதிக்கான பொது வார்ப்புருவில் இருந்தமையால், தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அவை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. விற்பனைக்கு வந்த ஒரு புத்தக அலமாரியின் பக்கத்தில் அலமாரியைப் பற்றி எழுதியிருந்த சொற்களைவிட, கண்ணுக்குத் தெரியாத சொற்களே அதிகம்.

வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்பது இவ்வகை வழிகளுள் மிகப் பழையது. கட்டுரையாளர் அறிந்ததும் அதுவே போலும். எழுத்தின் அளவைச் சுழியமாக்குவது, ஒளிபுகு தன்மையை முழுவதுமாகக் கூட்டி எழுத்தைக் கண்ணாடிபோல் ஆக்குவது, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சி.எஸ்.எஸ். நடைதாளைக் கொண்டு ஒரு பத்தியைத் திரைக்கு வெளியே ஆயிரக்கணக்கான புள்ளிகள் தொலைவுக்குத் தள்ளிவிடுவது, ஒரு படத்துக்குப் பின்னால் பத்தியை வைப்பது, வாக்கியத்தின் நடுவே வரும் ஒரு சிறு கோட்டுக்குள் இணைப்பை ஒளித்துவைப்பது என்று இதற்குப் பல உருவங்கள் உண்டு. எல்லாவற்றின் நோக்கமும் ஒன்றுதான்: பக்கத்துக்கு வரும் மனிதருக்கு ஒன்றைக் காட்டி, பக்கத்தை அட்டவணைப்படுத்த வரும் தேடுபொறியின் நிரலுக்கு வேறொன்றைச் சொல்வது.

ஒரு காலத்தில் இது வேலை செய்தது என்பதை மறுக்க முடியாது. 1995 டிசம்பரில் அறிமுகமான அல்டாவிஸ்டா உள்ளிட்ட தொடக்ககாலத் தேடுபொறிகள், ஒரு பக்கம் எதைப் பற்றியது என்பதைப் பெரும்பாலும் அப்பக்கத்தில் எழுதியிருந்த சொற்களைக் கொண்டே முடிவு செய்தன. ஒரு சொல் எத்தனை முறை வருகிறது, எங்கே வருகிறது என்பதற்கு அவை பெருமதிப்பு அளித்தன. அச்சொல் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்கும் திறன் அவற்றுக்கு இல்லை. பக்கத்தின் தலைப்பகுதியில் திறவுச்சொற்களுக்கென்றே ஒரு மேல்குறி, அதாவது வாசகருக்குத் தெரியாமல் நிரலுக்கு மட்டும் தகவல் தரும் ‘மெட்டா டேக்’, இருந்தது. அதையும் நிரப்பித் தள்ளினார்கள். 1998-இல் நிறுவப்பட்ட கூகுள், ஒரு பக்கத்தை வேறு எந்தெந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு, சொற்களை ஒளித்தவர்கள் இணைப்புகளையும் ஒளிக்கத் தொடங்கினார்கள். திறவுச்சொல் மேல்குறியை வலைத்தேடலின் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாகவே அறிவித்தது. அந்தக் குறியை இன்றும் நிரப்பித் தருவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்போர் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

இன்றைய நிலை முற்றிலும் வேறு. கூகுளின் ஊர்ந்துதேடும் நிரல் பக்கத்தின் மூல உரையை மட்டும் படித்துவிட்டுப் போவதில்லை. நடைதாளையும், பக்கத்துக்குள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களையும் இயக்கி, உலாவி வரைவதுபோலவே பக்கத்தை வரைந்து பார்க்கிறது; அவ்வாறு வரைவதற்கு குரோம் உலாவியின் அடித்தளமான குரோமியத்தின் அண்மைப் பதிப்பையே பயன்படுத்துவதாக 2019 மே மாதம் அந்நிறுவனம் தெரிவித்தது. எழுத்தும் பின்னணியும் ஒரே நிறம் என்பதோ, ஒரு பத்தி திரைக்கு வெளியே கிடக்கிறது என்பதோ அதற்குப் புதிராக இருக்க வழியில்லை. இருந்தும், மறைத்துவைத்த எழுத்து ஒவ்வொன்றும் உடனே பிடிபட்டுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சில தளங்கள் நெடுநாள் தப்பிக்கின்றன. முதல் பக்கத்தில் அவை நிற்பதைக் காட்டியே முகவர்கள் அடுத்த வாடிக்கையாளரைப் பிடிக்கிறார்கள். ஆனால் அந்தத் தளம் அந்த எழுத்தால்தான் முதல் பக்கத்தில் நிற்கிறதா, அந்த எழுத்து இருந்தும் நிற்கிறதா என்பதை அவர்களால் சொல்ல முடிவதில்லை. கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

இது விதி மீறலா என்பதில் எந்த ஐயத்துக்கும் இடமில்லை. கூகுள் வெளியிட்டுள்ள எரிதக் கொள்கையில், அதாவது தேடலை ஏமாற்றும் வழிகளுக்கு எதிரான ‘ஸ்பாம்’ விதிகளில், மறைத்த எழுத்தும் மறைத்த இணைப்பும் தனித் தலைப்பின் கீழ் வருகின்றன. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்பதே அங்கே தரப்படும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று; கட்டுரையாளர் பரிந்துரைத்ததும் அதுதான். வெறும் நகரப் பெயர்களை அடுக்கிவைப்பது திறவுச்சொல் திணிப்பு என்ற இன்னொரு தலைப்பின் கீழ் வருகிறது. அது கண்ணுக்குத் தெரிந்தாலும் தவறுதான், மறைத்துவைத்தால் இரண்டு தவறு. திறவுச்சொல் திணிப்பையும், தேடுபொறிக்கு ஒரு முகமும் மனிதருக்கு ஒரு முகமும் காட்டுவதையும் பிங் தேடுபொறியும் தவிர்க்கச் சொல்கிறது. எனவே எல்லோரும் செய்வதுதான் என்ற சமாதானம் இங்கே பொருந்தாது.

பெயர்பெற்ற நிறுவனங்களும் இதில் சிக்கியிருக்கின்றன. 2005-ஆம் ஆண்டு, வலைப்பதிவு மென்பொருளான வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வத் தளத்தில், காப்பீடு முதலிய விளம்பர வருவாய் மிகுந்த பொருள்களைப் பற்றிய ஏராளமான கட்டுரைகள் இருந்ததும், அவற்றுக்கான இணைப்புகள் முகப்புப் பக்கத்தில் நடைதாளின் மூலம் பார்வைக்கு எட்டாமல் வைக்கப்பட்டிருந்ததும் வெளியே தெரியவந்தன. கூகுள் அக்கட்டுரைகளைத் தன் தேடல் அட்டவணையிலிருந்து நீக்கியது. மென்பொருளின் நிறுவனர் தவற்றை ஒப்புக்கொண்டு அவற்றை அகற்றினார். இலவச மென்பொருளை நடத்தும் செலவுக்காகச் செய்தது என்று சொல்லப்பட்டது. நோக்கம் எதுவாக இருந்தாலும், அந்தத் தளத்தின் நற்பெயரை நம்பித்தான் அந்தக் கட்டுரைகள் தேடலில் ஏற்றம் பெற்றன என்பதை மறைக்க முடியாது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஜெர்மானியத் தளமே கூகுளின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பழைய கார் என்பதற்கான ஜெர்மன் சொல் திரும்பத் திரும்ப வரும் பக்கங்களைத் தேடுபொறிக்கென்றே உருவாக்கிவைத்து, அங்கே வரும் மனிதர்களை ஜாவாஸ்கிரிப்ட் மூலம் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டதே காரணம். அது வெள்ளை எழுத்து அன்று, வாயிற்பக்கம் எனப்படும் வேறு உத்தி; ஆனால் நிரலுக்குச் சொன்னதை மனிதருக்குக் காட்டாமல் விட்டது என்ற வகையில் இரண்டும் ஒன்றே. அந்தப் பக்கங்களை அகற்றியதும் சில நாள்களிலேயே தளம் பட்டியலுக்குத் திரும்பிவிட்டது. மக்கள் பெயர் சொல்லித் தேடும் நிறுவனம் என்பதால் அவ்வளவு விரைவில் மீண்டது என்றே நான் கருதுகிறேன். பெயர் தெரியாத ஒரு சிறு நிறுவனத்துக்கு அந்த விரைவு கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இங்கே வழக்கமாக எழும் ஒரு மறுப்பைக் கவனமாகப் பார்க்க வேண்டும். எல்லாத் தளங்களிலும் மறைந்த எழுத்து இருக்கத்தானே செய்கிறது என்பார்கள். உண்மைதான். கைப்பேசியில் ஒரு பக்கத்தைத் திறந்தால், கேள்விகள் மட்டும் வரிசையாகத் தெரிகின்றன. கேள்வியைத் தொட்டால் பதில் விரிகிறது. பட்டியல் பொத்தானை அழுத்தும்வரை பட்டியல் தெரிவதில்லை. இவற்றையெல்லாம் ஒரே கூடையில் போட்டு, அவை சரியென்றால் இதுவும் சரி என்று வாதிடுவது வசதியான குழப்பம். தொட்டால் விரியும் பதில், வாசகர் வேண்டும்போது அவருக்குக் கிடைக்கும் என்ற உறுதியோடு மடித்துவைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தின் அடியில் உள்ள வெள்ளை எழுத்தை வாசகர் எந்தப் பொத்தானை அழுத்தியும் வரவழைக்க முடியாது. அவர் அதைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அது வெள்ளையாக இருக்கிறது. கூகுளின் கொள்கையும் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறது: விரிந்து சுருங்கும் பகுதிகள், ஒன்றன்பின் ஒன்றாக மாறும் படவில்லைகள், சுட்டியை வைத்தால் தோன்றும் குறிப்புகள், திரைவாசிப்பான்களுக்கென்றே எழுதப்படும் உரை ஆகியவை மீறலாகா என்று அதில் தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே மறைவு என்பது மட்டுமே குற்றமாகாது. அந்தச் சொற்கள் எந்த மனிதருக்காவது, எந்த நிலையிலாவது பயன்படும்படி வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டுப் பார்த்தால், பெரும்பாலான நேரங்களில் விடை உடனே கிடைத்துவிடும்.

திரைவாசிப்பானைப் பற்றிச் சொன்னேன். கட்டுரையாளர் எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லாத பக்கம் இதுதான் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். பார்வையற்றோர் பக்கத்தின் எழுத்துகளைக் குரலாகக் கேட்கப் பயன்படுத்தும் என்.வி.டி.ஏ. போன்ற மென்பொருள்களுக்கு எழுத்தின் நிறம் ஒரு பொருட்டன்று. வெள்ளையில் வெள்ளை எழுத்தையும், திரைக்கு வெளியே தள்ளிவைத்த பத்தியையும் அவை மற்ற எழுத்தைப் போலவே உரக்கப் படிக்கும். பார்வையுள்ள வாசகர் ஒரு வெற்றிடத்தைக் கடந்துபோகும் இடத்தில், பார்வையற்றவர் மலிவான மேசை, சிறந்த மேசை, மேசை விலை, மேசை தள்ளுபடி என்ற வரிசையை முழுவதுமாகக் கேட்க வேண்டும். அதுவும் தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும். நான் பழுதுபார்த்த அந்தத் தளத்தைத் திரைவாசிப்பானில் ஓடவிட்டபோது, அலமாரியின் அளவும் விலையும் சொல்லி முடித்த குரல், மூச்சுவிடாமல் நகரங்களின் பெயர்களை ஒப்பிக்கத் தொடங்கியது. அந்நகரங்களில் எல்லாம் கடை இருக்கிறது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். கண்ணை உறுத்தாத வழி என்று கட்டுரையாளர் சொன்னது, கண்ணால் படிக்காதவர்களின் தலையில் முழுச் சுமையையும் ஏற்றிவைக்கும் வழியாக இருக்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு மாறுபாடு வேண்டும் என்று வலை அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. வெள்ளையில் வெள்ளை என்பது 1-க்கு 1. பார்வை மங்கியோர் பயன்படுத்தும் உயர் மாறுபாட்டுத் தோற்றத்தில் கணினியே நிறங்களை மாற்றிவிடுவதால், ஒளித்துவைத்த எழுத்து அங்கே பளிச்சென்று வெளிப்பட்டுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேறு சிலர் அதைத் தேடல் முடிவிலேயே பார்க்க நேரிடும். முடிவின் கீழ் வரும் சிறு விளக்கத்தைத் தேடுபொறி பக்கத்தின் எந்தப் பகுதியிலிருந்தும் எடுக்கக்கூடும் என்பதால், அங்கே கண்ட வரியை நம்பிச் சொடுக்கியவர், வந்து சேர்ந்த பக்கத்தில் அந்த வரியைக் காணாமல் திகைக்கிறார்.

போட்டி நிறுவனத்தின் பெயரை ஒளித்துவைப்பது விதி மீறலோடு நின்றுவிடும் செயலும் அன்று. வணிகச் சின்ன வழக்கில் கொண்டுபோய் நிறுத்தக்கூடியது. திரைப்படத் தகவல் சேவை நடத்திய புரூக்ஃபீல்டு என்ற நிறுவனம், தன் சின்னத்தைத் தளத்தின் கண்ணுக்குத் தெரியாத மேல்குறிகளில் பயன்படுத்தக் கூடாது என்று கோரி வெஸ்ட் கோஸ்ட் என்ற ஒளிநாடா வாடகை நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999-இல் புரூக்ஃபீல்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நெடுஞ்சாலையில் ஒரு கடையின் பெயரைப் போட்டு, அது ஏழாவது வெளிவழியில் இருப்பதாகப் பலகை வைக்கிறார் போட்டியாளர். அந்தக் கடை உண்மையில் இருப்பது எட்டாவதில், ஏழாவதில் இருப்பது பலகை வைத்தவரின் கடை. ஏழாவதில் இறங்கியவர், தேடி வந்த கடை இல்லையென்று தெரிந்தும், இருப்பதை வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்று நீதிமன்றம் அந்தத் தீர்ப்பில் விளக்கியது. பின்னாளில் இவ்விளக்கத்தை நீதிமன்றங்கள் எல்லா வழக்கிலும் அப்படியே ஏற்றுக்கொண்டன என்று சொல்ல முடியாது. போட்டியாளரின் பெயரை நேர்மையாகக் குறிப்பிட்டு ஒப்பிட்டு எழுத எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் ஒப்பிட்டு எழுத விரும்புகிறவர் அதைக் கறுப்பு எழுத்தில்தான் எழுதுவார்.

தண்டனை யாருக்கு என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. விதி மீறலைக் கூகுளின் பணியாளர்கள் பரிசீலித்து உறுதிசெய்தால், கைமுறை நடவடிக்கை என்ற பெயரில் அந்தத் தளம் தரவரிசையில் கீழே தள்ளப்படலாம், அல்லது முற்றிலும் நீக்கப்படலாம். அறிவிப்பு, தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் நடத்தும் சர்ச் கன்சோல் என்ற சேவையில் உள்ள கணக்குக்கு வருகிறது. அந்தக் கணக்கு இருப்பதே பல உரிமையாளர்களுக்குத் தெரியாது. கடவுச்சொல் முகவரிடம் இருக்கும். தவற்றைச் சரிசெய்து, என்ன நடந்தது என்று விளக்கி மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தாலும், அதற்குள் இழந்த வாடிக்கையாளர்கள் திரும்பப்போவதில்லை. நிரல் தானாகவே கண்டுபிடித்து மதிப்பைக் குறைத்துவிட்டாலோ அறிவிப்புக்கூட வராது. வாடிக்கையாளர்களின் விசாரிப்புகள் ஏன் குறைந்தன என்று தெரியாமல் உரிமையாளர் இன்னும் அதிகமாக விளம்பரத்துக்குச் செலவிடுவார். எழுத்தை ஒளித்துவைத்த முகவரின் பெயர் எந்த இடத்திலும் வராது. அவர் ஒப்பந்தத்தில் இத்தனை சொற்களுக்கு முதல் பக்கம் என்று மட்டும் எழுதியிருப்பார்; எந்த வழியில் என்று எழுதியிருக்க மாட்டார்.

இன்னொரு ஆபத்தையும் இதே வழக்கம் வளர்த்துவிடுகிறது. பாதுகாப்புக் குறைபாடுள்ள தளங்களுக்குள் நுழையும் ஊடுருவிகள், மருந்து விற்பனைக்கும் சூதாட்டத்துக்குமான சொற்களையும் இணைப்புகளையும் அங்கே ஒளித்துவைப்பது நெடுங்காலமாக நடந்துவருகிறது. கல்வி நிறுவனங்கள், அரசு அலுவலகங்கள் ஆகியவற்றின் தளங்களுக்குத் தேடுபொறிகளிடம் நற்பெயர் இருப்பதால் அவை இதற்கு அடிக்கடி இரையாகின்றன. ஊடுருவியவர் எழுத்தை மறைப்பது தேடுபொறியிடமிருந்து அன்று, தளத்தின் உரிமையாளரிடமிருந்து. பார்த்துவிட்டால் அழித்துவிடுவார் அல்லவா? தன் தளத்தில் மறைந்த எழுத்தே இருக்கக் கூடாது என்று வைத்திருக்கும் உரிமையாளர், அப்படி ஒன்றைக் கண்டதும் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று உணர்வார். அடியில் இருப்பது எஸ்.இ.ஓ.வுக்காக நாமே வைத்தது என்று பழகிப்போனவரோ, திருடன் வைத்ததையும் முகவர் வைத்தது என்றே எண்ணிக் கடந்துபோவார். நான் கண்ட வரையில் இது வெறும் ஊகம் அன்று.

தம் தளத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பும் வாசகருக்குப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. மேலே சொன்னதுபோல் பக்கம் முழுவதையும் தேர்வு செய்து பார்ப்பது முதல் படி. பக்கத்தின் எழுத்தை நகலெடுத்து வெற்று ஆவணம் ஒன்றில் ஒட்டிப் பார்த்தால், நிறத்தால் ஒளிந்ததும் அளவால் ஒளிந்ததும் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். சர்ச் கன்சோலில் ஒரு முகவரியைக் கொடுத்து, கூகுளின் நிரல் அப்பக்கத்தை எப்படிப் பெற்றது என்பதைப் பார்க்கலாம். நிரலுக்கு மட்டும் தனியாகக் காட்டப்படும் எழுத்து அங்கேதான் அகப்படும். தேடுபொறியில் தம் தளத்துக்குள் மட்டும் தேடும் வசதியைப் பயன்படுத்தி, தமக்குத் தொடர்பே இல்லாத மருந்துப் பெயரையோ சூதாட்டச் சொல்லையோ தேடிப் பார்ப்பதும் நல்லது. மறைந்த எழுத்து கிடைத்தால், அதில் வாசகருக்குப் பயன்படும் செய்தி ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை எல்லோரும் படிக்கும்படி எழுதிவிட்டு, எஞ்சியதை அழித்துவிட வேண்டும். அந்த மரச்சாமான் தளத்தில் அப்படி எஞ்சியது ஒரே ஒரு செய்தி: வீட்டுக்கே கொண்டுவந்து பொருத்தித் தருவார்கள் என்பது. வாடிக்கையாளர் முதலில் அறிய வேண்டிய அந்த வரியை வெள்ளை எழுத்தில் புதைத்து வைத்திருந்தார்கள்.

இது பழங்கதை, தேடுபொறிகள் திருந்திவிட்டன, எழுதிப் பயனென்ன என்று கேட்போருக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். பக்கத்தைப் படித்துச் சுருக்கிச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் இந்த உத்திக்கு மறுவாழ்வு கிடைத்திருக்கிறது. சாட்ஜிபிடியின் தேடல் வசதியை 2024 டிசம்பரில் சோதித்த பிரிட்டனின் தி கார்டியன் நாளிதழ், ஒரு பொருளின் பக்கத்தில் பாதகமான விமர்சனங்கள் இருந்தபோதும், மறைத்துவைத்த எழுத்தைக் கொண்டு அதைப் பற்றிச் சாதகமான மதிப்பீட்டை அக்கருவியிடமிருந்து வரவழைக்க முடிந்ததாக எழுதியது. 2025 ஜூலையில் நிக்கேய் ஏஷியா இதழ், துறை வல்லுநர்களின் மதிப்பீட்டுக்கு முன்பே வெளியிடப்படும் ஆய்வுக் கட்டுரை முன்வரைவுகள் 17-இல், சாதகமான மதிப்புரையை மட்டுமே எழுதுமாறு செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு ஆணையிடும் வரிகள் மறைந்திருந்ததை வெளியிட்டது. சிலவற்றில் அவை வெள்ளை எழுத்திலும், கண்ணால் படிக்க முடியாத மிகச் சிறிய எழுத்திலும் இருந்தன. அக்கட்டுரைகளின் ஆசிரியர்கள் எட்டு நாடுகளைச் சேர்ந்த 14 கல்வி நிறுவனங்களில் பணியாற்றுபவர்கள். தங்கள் கட்டுரையை மனிதர் படிக்காமல் கருவியிடம் கொடுத்துவிடும் சோம்பேறி மதிப்பீட்டாளருக்கு வைத்த பொறி அது என்று அவர்களுள் ஒருவர் சொன்ன சமாதானமும் செய்தியில் வந்தது. பொறி வைப்பவர் தமக்குச் சாதகமான தீர்ப்பையே அதில் எழுதி வைப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

தேடுபொறியாவது சொற்களை எடைபோட்டு வரிசையில் ஓர் இடத்தைத் தந்தது. பக்கத்தைத் திறந்து பார்த்து ஏமாந்ததை உணரும் வாய்ப்பு வாசகருக்கு இருந்தது. சுருக்கிச் சொல்லும் கருவியோ பல நேரங்களில் பக்கத்தையே திறக்க விடுவதில்லை. ஒளித்துவைத்த வரி கருவியின் சொந்தக் கருத்தைப் போல வாசகரிடம் வந்து சேர்கிறது. எனவே தேடுபொறிகளின் காலத்தில் இருந்ததைவிட இந்தப் பழக்கம் இப்போது அதிகத் தீங்கு செய்யக்கூடியது. இத்தகைய நேரத்தில் அதைச் சிறு தொழில் நடத்துவோருக்குத் தொடக்கப் பாடமாகச் சொல்லித் தருவதைத் தாங்கள் அனுமதித்திருக்கக் கூடாது.

கட்டுரையாளர்மீது எனக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவுமில்லை. பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஏதேனும் கையேட்டிலிருந்து அந்தப் பத்தி வந்திருக்கலாம். ஆனால் தொடரை வெட்டிச் சேர்த்துவைத்து, தளம் அமைப்பவரிடம் அதைக் காட்டி இதன்படி செய்துகொடுங்கள் என்று கேட்கும் வாசகர்களை நான் அறிவேன். ஆகவே அந்தப் பத்தி தவறானது என்றும், ஏற்கெனவே அவ்வாறு செய்தவர்கள் அந்த எழுத்தை நீக்கிவிட வேண்டும் என்றும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். எஸ்.இ.ஓ. பணிக்கு ஆள் அமர்த்தும்போது என்னென்ன மாற்றங்கள் எந்தெந்தப் பக்கங்களில் செய்யப்படும் என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும், சர்ச் கன்சோல் கணக்கு உரிமையாளரின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்ற இரண்டையும் அந்தத் திருத்தத்தோடு சேர்த்து அச்சிட்டால் பயனுள்ளதாக இருக்கும். தொடரின் அடுத்த பகுதி பிற தளங்களிலிருந்து இணைப்புகளைப் பெறுவது பற்றியது என்று கட்டுரையாளர் அறிவித்திருக்கிறார். மறைத்த இணைப்புகளும் அதே விதியின் கீழ் வருபவை என்பதால், அந்தப் பகுதி அச்சேறும் முன் கூகுளின் எரிதக் கொள்கையை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுமாறு அவரிடம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இணையதள வடிவமைப்புப் பணியில் உள்ள ஒரு வாசகர்